பேஞ்சோவில் மூணாவது கம்பி மட்டும் சுருதி ஏறுது. நட்டா, பிரிட்ஜா?

ஐந்து கம்பி பேஞ்சோ (தோல் முகம் வச்ச கம்பி வாத்தியம்), ஓப்பன் ஜி சுருதி (எதையும் அழுத்தாம மீட்டினா ஜி மேஜர் கார்டு). நட்டுன்னா கழுத்து முனையில கம்பிகள் உட்கார்ற பள்ளப் பட்டை, பிரிட்ஜ்னா தோல் மேல கம்பிகளைத் தாங்குற கட்டை. பிரிட்ஜ் ஒட்டாம கம்பியோட அழுத்தத்துலதான் நிக்கும். அதனால 12ஆம் ஃபிரெட்ல (கழுத்துக்குக் குறுக்கே இருக்கிற உலோகக் கம்பி) ஹார்மோனிக்கும் (கம்பியை லேசா தொட்டு மீட்டுற சுரம்) அழுத்தின சுரமும் ஒண்ணா வர்ற வரைக்கும் நகர்த்தியாச்சு (அழுத்தினது ஏறினா கம்பி நுனி மாட்டுற டெயில்பீஸ் பக்கம், இறங்கினா கழுத்துப் பக்கம்). ஒண்ணும் நாலும் சரி. சுற்றில்லாத மூணாவது ஜி மட்டும் 2ஆம் ஃபிரெட்லயே ஏறுது. 3ஆம் ஃபிரெட்ல அழுத்தினா, முதல் ஃபிரெட்டுக்கு மேல மத்த கம்பிகளுக்கு அடியில ஒரு தாள்தான் நுழையுது. இதுக்கு விசிட்டிங் கார்டே போகுது. நட் பள்ளத்தை அராவலாமா? கூடினா கம்பி இரையும், அராவினது திரும்ப வராது. இல்ல, 5/8 அங்குல உயர காம்பன்சேட்டட் பிரிட்ஜே (கம்பிக்குக் கம்பி தாங்குற இடம் முன்னபின்ன வச்சது) போதுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.