புதுப்பிப்பு: கணவரின் ஏழு மாத்திரைகளும் கால் வீக்கமும்

ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த பிறகு கணவருக்குத் தினம் ஏழு மாத்திரைகள், மாலையானால் கணுக்கால் வீங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

மருத்துவர் அட்டைகளை மேசையில் பரப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தார். தெல்மிசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்து மட்டும்தான் என்று நான் நம்பிக் கொடுத்த மாத்திரைக்குள்ளேயே அம்லோடிபின் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்தும் 5 மி.கி. இருந்திருக்கிறது. பழைய சீட்டிலிருந்த தனி அம்லோடிபின் 5 மி.கி.யையும் சேர்த்துக் கொடுத்துவந்திருக்கிறேன். கேட்டதும் கை நடுங்கிவிட்டது. அந்த மருந்தின் அளவு கூடினால் கால் வீங்குவதுண்டாம். தனி மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வாரத்தில், கணுக்காலில் செருப்பு வார் பதியும் பள்ளம் மறைந்துவிட்டது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் மட்டும் தன்னைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறைந்துவிடக்கூடும் என்று இருமுறை சொன்னார்.

இப்போது உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக் காலண்டர் தாளில் குறிக்கிறேன். நேற்று 128/78, நின்றதும் 122/76. தலைசுற்றல் இல்லை. இன்று காலை அவரே பால் வாங்கப் போயிருக்கிறார்.