மறு: இன்டர்ஃபெரான் – பெயரை விடுங்கள், வேலைக்குச் சொல் தேடுவோம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வைரஸ் தாக்கும்போது செல்கள் வெளிவிடும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்துக்கும் அது செய்யும் வேலைகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் வகுப்பில் நிற்குமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

> ‘இடையூட்டுப் புரதம்’ என்று வைக்கலாம். மூலச்சொல்லின் பொருளும் கிடைத்துவிடுகிறது.

அய்யா, அந்த மூலச்சொல்லின் பொருள்தான் சிக்கல். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் சூட்டில் செயலிழந்த இன்ஃபுளுவென்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வில் இட்டார்கள். அப்புறம் உயிருள்ள வைரஸை விட்டால் அது சரியாகப் பெருகவில்லை. செல்கள் வெளியிட்ட ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது என்று கண்டு, குறுக்கிடுவது என்ற பொருள் வரும்படி பெயர் வைத்தார்கள். அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வைரஸைத் தடுப்பதோடு, எந்த வெள்ளையணு எவ்வளவு உருவாக வேண்டும் என்பதிலும் இது கைவைக்கிறது என்பது பின்னால் தெரியவந்த சங்கதி. பழைய பாதிப்பொருளை நாம் ஏன் புதிதாகத் தமிழில் கட்டிவைக்க வேண்டும்? அதோடு ‘இடையூட்டு’ என்று எழுதினால் பிள்ளைகள் ‘இடையூறு’ என்றுதான் படிப்பார்கள். உடம்பைக் காக்கிற புரதத்துக்கு வில்லன் பெயர்.

இன்னொன்று. தோப்பூர் மருத்துவமனைக்கு டி.பி. (காசநோய்) சிகிச்சைக்கு வந்துபோகிறவர் வீட்டில், மற்றவர்களுக்கும் கிருமி மறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டியதும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை வெளிவிடுகின்றனவா என்று அளப்பார்கள். பரிசோதனைச் சீட்டில் இருக்கும் பெயர் இன்டர்ஃபெரான் காமா. நாம் வேறொன்றை எழுதினால் சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. எனவே பெயர் அப்படியே இருக்கட்டும். ஆல்ஃபா, பீட்டா, காமா, லாம்டா என்ற அதன் வகைப்பெயர்களும் அப்படியே.

சொல் இல்லாமல் நாம் தடுமாறுவது வேறோர் இடத்தில். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்துச் செல்லிலிருந்துதான் (ஸ்டெம் செல்) எல்லா வெள்ளையணுக்களும் வருகின்றன. அந்தக் குருத்துச் செல்களில் ஒரு பகுதி பிரிந்து பெருகாமல் உறங்கிக் கிடக்கும். இன்டர்ஃபெரான் ஆல்ஃபா அவற்றைத் தட்டி எழுப்புகிறது என்று 2009இல் எலிகளில் காட்டினார்கள். கொஞ்ச நேரம் எழுப்பினால் நல்லது, புதிய அணுக்கள் கிடைக்கும். விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால் குருத்துச் செல்கள் சோர்ந்து திறன் இழக்கின்றன. இதற்குத் ‘துயிலெழுப்பு’ என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார். எனக்குச் சம்மதம்.

அடுத்த கட்டம்தான் வாதத்துக்குரியது. எழுந்த செல்லின் பிள்ளைகள் எந்த வகையாக ஆவது? தொற்று நேரத்தில் காமா அதிகமானால், வெள்ளையணுவாக மாறவிருக்கும் முன்னோடிச் செல்கள் நியூட்ரோஃபில் என்ற வகையின் பக்கம் குறைந்து மோனோசைட் என்ற வகையின் பக்கம் கூடுகின்றன. ஆல்ஃபாவும் பீட்டாவும், இளம் பி செல்லும் டி செல்லும் வளரத் தேவையான இன்டர்லூக்கின்-7 என்ற செய்திப் புரதத்தின் பேச்சைச் செல் கேட்காதபடி செய்கின்றன. பி, டி செல்கள் அடங்கிய நிணநீர்ச் செல்களின் பக்கம் வரத்து குறைகிறது. மஜ்ஜையைத் தாண்டி வெளியே வந்தபிறகும் இதே கதை தொடர்கிறது. இன்னும் வேலை ஒதுக்கப்படாத உதவி டி செல்லிடம் காமா வந்தால், உள்ளே ஸ்டாட்1, டி-பெட் என்ற புரதங்கள் வழியாக அது முதல் வகை உதவி செல்லாகிறது. இரண்டாம் வகையாகும் வழி அடைபடுகிறது. அந்த முதல் வகைச் செல்லும் காமாவையே சுரக்கும் என்பதால் சாய்வு தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்கிறது. காசநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்லுக்கு அதைக் கொல்லும் தெம்பு வருவது இந்தக் காமாவால்தான். காமாவை வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியே ஆபத்தாகிவிடும்.

> இதற்கு ‘மடைமாற்றம்’ போதும். நம்ம ஊர்ச் சொல், கண்மாய்க்காரர் யாருக்கும் புரியும்.

தம்பி சொன்னது எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் கண்மாயில் ஒரு மடையை அடைத்து மறுமடையைத் திறந்தால் முதல் வாய்க்கால் காய்ந்துபோகும். மஜ்ஜையில் அப்படி நடப்பதில்லை. நியூட்ரோஃபில் நின்றுவிடுவதில்லை, விகிதம் மாறுகிறது. அதோடு செய்தித்தாளில் ‘நிதி மடைமாற்றம்’ என்று படித்துப் படித்து, அந்தச் சொல்லைக் கேட்டாலே யாரோ பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்று மனசு போகிறது. உடம்பு செய்வது மோசடி இல்லை, பெரும்பாலும் அவசரகால ஏற்பாடு.

என் முன்மொழிவு: கால்வழிச் சாய்வு.

‘கால்வழி’ புதிதல்ல. ஒரு குடியின் வம்சத்தைச் சொல்ல வரலாற்று நூல்களில் வருகிற சொல். இன்னாருடைய கால்வழியினர் என்பார்கள். செல்களிலும் நமக்கு வேண்டியது அதே வம்சப் பொருள்தான். நிணநீர்ச் செல் கால்வழி, மோனோசைட் கால்வழி என்று எழுதிப் பாருங்கள், தட்டாமல் ஓடுகிறது. கால் என்றால் வாய்க்காலும்தானே, தம்பிக்கு அவர் கேட்ட தண்ணீரும் கிடைத்துவிடுகிறது. ‘சாய்வு’ என்பது அளவைக் குறிக்கும். மோனோசைட் பக்கம் சாய்வு மிகுந்தது, குறைந்தது, நீங்கியது என்று வாக்கியத்தில் வளைந்துகொடுக்கும். ‘மாற்றம்’ என்பதில் இந்த வசதி இல்லை.

(1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் சங்கம் வைத்த ஊர் என்பதற்காக மதுரைக்காரன் சொல்வதெல்லாம் நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து போய்ச் செத்த கலைச்சொற்களும் உண்டு.)

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: ‘நீடித்த தொற்றில் இன்டர்ஃபெரான் காமா மோனோசைட் பக்கம் கால்வழிச் சாய்வை உண்டாக்குகிறது.’ சரியாகத்தான் இருக்கிறது. வினையாக்கும்போது ‘கால்வழி சாய்க்கிறது’ என்பது கொஞ்சம் இடிக்கிறது. யாருக்காவது நல்ல வினைவடிவம் தோன்றினால் எழுதுங்கள்.

இன்னும் முடிவாகாதது ஒன்று. சொல் ஒரே சீராக இருக்க இலங்கை நண்பர்களின் கருத்தும் வேண்டும். அங்கே செல்லைக் ‘கலம்’ என்பார்கள். ‘கலக் கால்வழி’ என்று எழுதினால் காதுக்கு எப்படி இருக்கிறது? யாழ்ப்பாணத்து அம்மா இந்த இழையைப் பார்த்தால் ஒரு வரி சொல்லட்டும். கல்லூரிக் கையேடு அச்சுக்குப் போகுமுன் தெரிந்தால் இரண்டு வடிவத்தையும் போட்டுவிடுவேன்.