பெல்ட் டென்ஷன்: வார் விறைப்பா, வார் இழுவிசையா?

வணக்கம்.

சிறு சிஎன்சி (கணினி வழி இயங்கும்) எந்திரக் கையேட்டில் 'பெல்ட் டென்ஷன்' என்பதற்கு 'வார் விறைப்பு' என்று வைத்திருக்கிறோம். அந்தப் பகுதி இப்படிப் போகிறது: "மின்சாரத்தைத் துண்டிக்கவும். வார் முனையின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, இழுப்புத் திருகைக் கால் சுற்றாக முடுக்கி விறைப்பைக் கூட்டவும். ஒவ்வொரு முறையும் வண்டியை (வார் இழுத்து நகர்த்தும் பகுதியை) கையால் முனைக்கு முனை மெதுவாகத் தள்ளிப் பார்க்கவும். வழியில் எங்கும் கனக்கக் கூடாது." விறைப்பு எல்லாருக்கும் புரியும் சொல். இருக்கட்டுமா?

---

> விறைப்பு எல்லாருக்கும் புரியும் சொல்

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஸ்டிஃப்னஸ் என்பதற்கு விறைப்பு நமக்குக் கட்டாயம் வேண்டும். ஒரு வார் 1 மி.மீ. நீள எத்தனை நியூட்டன் தேவை என்பதுதான் அதன் விறைப்பு. வாரின் அகலம், நீளம், உள்ளே ஓடுவது கண்ணாடியிழையா எஃகா என்பவை அதைத் தீர்மானிக்கின்றன. திருகை முடுக்கினால் அது கூடிவிடாது. கப்பியின் இரு பக்கமும் வார் தொய்யாமல் இருக்கும்வரை இரண்டும் சேர்ந்து வெட்டுவிசையைத் தாங்கும். ஒரு பக்கம் தொய்ந்தால் மற்றது தனியாகத் தாங்க வேண்டும். வண்டி விலகும், வட்டம் திசைமாறும் இடங்களில் தட்டையாகும். அந்தத் தொய்வு வராத அளவு இழுத்தாலே போதும். 'விறைப்பைக் கூட்டு' என்று படிப்பவர் நிறுத்தாமல் முடுக்குவார். மோட்டார் தண்டு வளையும், பேரிங் தேயும், உராய்வு கூடி, படிப்படியாகச் சுழலும் மோட்டார் சில படிகளைத் தவறவிடும்.

இயற்பியல் பாடத்தில் கயிற்றுக்கு 'இழுவிசை' என்றுதான் படிக்கிறோம். வாருக்கும் அதுவே பொருந்தும்: வார் இழுவிசை. நியூட்டனில் அளக்கும் ஒன்று என்பது சொல்லிலேயே இருக்கிறது. 2 மி.மீ. பல்லிடைவெளி, 6 மி.மீ. அகலம் உள்ள வார் மீட்டருக்குச் சுமார் 8 கிராம். 150 மி.மீ. தாங்கலற்ற நீளத்தைச் சுண்டும்போது 110 ஹெர்ட்ஸ் ஒலித்தால் இழுவிசை ஏறக்குறைய 9 நியூட்டன். 3டி அச்சுப்பொறிக்கு இது வழக்கமான அளவு. மரம் செதுக்கும் ரவுட்டருக்குப் போதாது, அகலமான வாரும் கூடுதல் இழுவிசையும் வேண்டும். எப்போதும் வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தித்தான் சுண்ட வேண்டும். நீளம் மாறினால் ஒலி மாறும்.

---

இழுவிசைக்கு என் ஆதரவு. ஆனால் செயலுக்கும் ஒரு பெயர் வேண்டும். 'இழுவிசையைச் சரிசெய்தல்' கையேடு முழுக்க வந்தால் நீளம். மிருதங்கத்தில் 'வார் பிடித்தல்' என்கிறார்களே, இழுத்துச் சுருதிக்குக் கொண்டுவருவதை? அதையே எடுத்துக்கொள்ளலாம்.

---

அழகான சொல். ஒரு சிக்கல்: வார் முனையைக் கவ்வும் துண்டை 'வார்ப்பிடி' என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். அதை 'வார்க்கவ்வி' என்று மாற்றினால் குழப்பம் தீரும். முடுக்கும் உறுப்பு 'இழுப்பி'.

எந்தச் சொல்லை வைத்தாலும் வரிசை மாறக் கூடாது. வார் பிடிக்கும் முன் கப்பியின் பூட்டுத்திருகு தண்டின் தட்டைப் பக்கத்தில் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது நழுவினாலும் தொய்வு போலவே தெரியும், எவ்வளவு முடுக்கினாலும் தீராது. மி.மீ.க்கு எத்தனை படி என்ற அளவைக் கடைசியில்தான் தொட வேண்டும். 2 மி.மீ. பல்லிடைவெளியில் 20 பல் கப்பி சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும்; சுற்றுக்கு 3200 நுண்படி (ஒரு படியின் சிறு பங்கு) என்றால் 3200 ÷ 40 = 80. இழுத்த வார் சற்றே நீள்வதால் இதில் சிறு திருத்தம் வரலாம். தொய்வை மறைக்க இந்த எண்ணை மாற்றினால் ஒரு திசையில் அளவு சரியாகி மறுதிசையில் பிழையாகும்.