குளோரின் மாத்திரை போடப் போடப் பாசி பிடிக்கிறது. எங்கே தவறுகிறேன்?

முட்டுக்காட்டுக்காரன்:
வணக்கம். வீட்டின் பின்புறம் சிறிய நீச்சல் குளம் கட்டி 14 மாதங்கள் ஆகின்றன. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர், மொத்தம் 40,000 லிட்டர். மணல் வடிகட்டி இருக்கிறது. மோட்டார் தினமும் ஆறு மணி நேரம் ஓடுகிறது. முதல் ஓராண்டு தண்ணீர் பளிங்கு போல இருந்தது. இரண்டு மாதங்களாக, நிழல் விழும் வடக்குச் சுவரில் பாசி. தேய்த்தால் பச்சைப் புகை போலக் கலைகிறது. நான்கே நாளில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது.

வாரத்துக்கு 200 கிராம் மாத்திரை இரண்டு போடுகிறேன். சோதனைப் பெட்டியின் மஞ்சள் சொட்டு ஆரஞ்சாகவே மாறிவிடுகிறது. ஆகவே குளோரினுக்குக் குறைவில்லை. பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) பார்க்கும் சிவப்புச் சொட்டோ கத்தரிப்பூ நிறம் காட்டுகிறது. அட்டையில் அந்த நிறமே இல்லை. கூடிவிட்டது என்று மூன்று வாரமாக வாரம் ஒரு லிட்டர் ஆசிட் ஊற்றினேன். நிறம் இம்மியும் அசையவில்லை. மகளுக்குக் கண் எரிகிறது. டைல்ஸ் இடுக்கில் பூசிய பூச்சைத் தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. பராமரிக்க வருபவரைக் கேட்டால், "இன்னும் இரண்டு மாத்திரை போடுங்கள் சார்" என்கிறார்.

தோட்டத்துத் தாத்தா:
மயில்துத்தம் அரைக் கிலோ கரைத்து விடுங்கள் தம்பி. எங்கள் கிணற்றுத் தொட்டியில் அப்படித்தான் செய்வோம். பாசி பறந்துவிடும்.

குளக்கரை:
தாத்தா, தொட்டிக்குச் சரி, குளத்துக்கு வேண்டாம். துத்தத்தில் இருக்கும் செம்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். பிறகு பி.எச். ஏறும்போது சுவரில் நீலக் கறையாகப் படியும். அதை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நரைத்த தலையோடு குளிப்பவர்களுக்கு முடியும் பச்சையாகும்.

பண்ணைவீடு:
மாத்திரையை விட்டுவிட்டு பிளீச்சிங் பவுடருக்கு மாறுங்கள். மலிவு.

ஆய்வக அக்கா:
பண்ணைவீடு ஐயா, பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் சேர்ந்தே வரும். உப்புக் கனத்த போர் தண்ணீர் உள்ள ஊரில் அது இன்னொரு தலைவலி. முட்டுக்காட்டுத் தம்பி, மாத்திரை இருந்த வாளியிலோ மிதவையிலோ பிளீச்சிங் பவுடரைத் தப்பித் தவறியும் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

நான் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எனக்கு இரண்டு சந்தேகங்கள். முதலாவது, மாத்திரை டப்பாவில் ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் என்று போட்டிருக்கிறதா? ஆம் என்றால், மாத்திரை கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் இறங்குகிறது. குளோரினுக்கு அது குடை மாதிரி. அது இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். 30 முதல் 50 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் குளோரினை இறுகப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. குளோரின் வெயிலில் அழியும், இது அழியாது. உங்கள் குளத்துக்கு ஒரு மாத்திரை ஏறக்குறைய 2.7 பி.பி.எம். சேர்க்கும். வாரம் இரண்டு என்றால் 60 வாரத்தில் 320-ஐத் தாண்டும். வடிகட்டியைக் கழுவும் பேக்வாஷில் கொஞ்சம் வெளியேறியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, உங்கள் பி.எச். கூடியிருக்கிறது என்பதையே நான் நம்பவில்லை. குளோரின் 10 பி.பி.எம்.மைத் தாண்டினால் அந்தச் சிவப்புச் சொட்டின் சாயமே வேறொன்றாக மாறிக் கத்தரிப்பூ நிறம் காட்டும். மாத்திரையும் அமிலம், நீங்கள் ஊற்றியதும் அமிலம். இடுக்குப் பூச்சு மாவாகிறது என்றீர்களே, அதுதான் சாட்சி. மஞ்சள் சொட்டும் மொத்தக் குளோரினைத்தான் சொல்லும், வேலை செய்யக்கூடியதைப் பிரித்துச் சொல்லாது. அதைத் தனியாக அளக்கும், துளி எண்ணும் டி.பி.டி. பெட்டியும் சிறிய பி.எச். மீட்டரும் வாங்குங்கள், மீட்டரை பி.எச். 7 பஃபரில் (பி.எச். தெரிந்த கரைசலில்) சரிபார்த்த பிறகு அளவிடுங்கள். அதுவரை ஆசிட் பக்கமே போக வேண்டாம். குழந்தையையும் இறக்காதீர்கள்.

முட்டுக்காட்டுக்காரன்:
அக்கா, அப்படியே இருக்கிறது! டப்பாவில் நீங்கள் சொன்ன பெயர்தான். மீட்டரில் பி.எச். 6.6. குளோரின் 12. காரத்தன்மை 40. சயனூரிக் சோதனையில், அடியில் உள்ள கறுப்புப் புள்ளி மறையும் வரை கலங்கிய நீரை ஊற்றச் சொல்கிறார்கள். அளவு கூடினால் புள்ளி சீக்கிரம் மறையுமாம். அதிகபட்சமான 100 என்ற கோட்டை எட்டுவதற்கு முன்பே புள்ளி காணாமல் போய்விட்டது. பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன். 90. அப்படியென்றால் 180! மூன்று லிட்டர் ஆசிட்டை நானே என் காசில் வாங்கி ஊற்றியிருக்கிறேன். காரத்தன்மையும் பி.எச்.சும் ஏற சோடா உப்பு போட்டுவிடவா?

ஆய்வக அக்கா:
இப்போது வேண்டாம். வெளியேற்றப் போகிற தண்ணீருக்கு மருந்து எதற்கு? சயனூரிக் அமிலத்தைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பழைய தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுவது. முக்கால்வாசி மாற்றினால் 45-க்கு வரும்.

குளக்கரை:
ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள் நண்பரே. கடற்கரை மணல், ஐப்பசி மழை வேறு தொடங்கிவிட்டது. நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், கான்கிரீட் தொட்டி முழுவதுமே படகு போல மேலே தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறக்குங்கள். 180 என்பது 120, 80, 53 என்று வரும். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், குளம் மிஞ்சும்.

புதுத் தண்ணீருக்கு லாரிக்காரரைத் தேடவும் வேண்டாம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சிந்தியது சிதறியது போக எட்டாயிரம் லிட்டர் கிடைக்கும். முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு அடுத்ததைக் குழாய் வழியே குளத்தில் விடுங்கள். மழைநீரில் காரமும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. போர் தண்ணீரில் இரண்டும் தேவைக்கு மேல். கலந்து விட்டால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்யும். இறக்குகிற தண்ணீரை மட்டும் மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விடாதீர்கள். அடுத்த கோடையில் அதையேதான் மோட்டார் போட்டு எடுப்பீர்கள்.

முட்டுக்காட்டுக்காரன்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று முறை இறக்கி ஏற்றினோம், இரண்டு முறை முழுக்க மழைநீர். இப்போது சயனூரிக் 50, காரத்தன்மை 90, பி.எச். 7.4. ஆனால் வடக்குச் சுவரில் பாசி இன்னும் இருக்கிறது.

ஆய்வக அக்கா:
இருக்கும், இனிமேல்தானே அடிக்கப் போகிறோம். 10 சதவீத ஹைப்போ திரவம் (சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவக் குளோரின்) புதிதாக வாங்குங்கள். வெயிலில் கிடந்த கேனில் வீரியம் இருக்காது. 1 லிட்டர் உங்கள் குளத்தில் 2.5 பி.பி.எம். சேர்க்கும். அந்தி சாய்ந்த பிறகு 8 லிட்டர் ஊற்றி, சுவரைத் தேய்த்து, மோட்டாரை இரவு முழுவதும் ஓட விடுங்கள். 20-ஐ விட்டுக் குறையக் குறைய மறுபடி ஏற்றுங்கள். இரவில் அளந்ததற்கும் விடியலில் அளந்ததற்கும் வித்தியாசம் 1-க்குள் வந்தால் உள்ளே உயிரோடு பாசி இல்லை. பிறகு 4 முதல் 6 வரை தானாக இறங்க விட்டு, அந்த அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டுக்காட்டுக்காரன்:
நான்கு நாள் ஆனது. நேற்றிரவு ஒன்பது மணிக்கு 18, இன்று காலை ஆறு மணிக்கு 17.5. ஆழமான பக்கத்தில், தண்ணீர் இறங்கும் அடிவாய் மூடியின் நான்கு திருகுகளும் மேலிருந்தே தெரிகின்றன. 4-க்கு இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம். மகள் காத்திருப்பதாகத் தெரியவில்லை. கடைசியாக ஒன்று: மீதி 15 கிலோ மாத்திரையும் ஒரு கேன் ஆசிட்டும் மோட்டார் அறையில் இருக்கின்றன. வைத்துக்கொள்ளலாமா?

ஆய்வக அக்கா:
ஒரே அறையிலா? மாத்திரையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். இன்றைக்கே ஆசிட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாத்திரையை ஈரம் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஊருக்குப் போகும் வாரங்களில் மட்டும் ஒன்று போடலாம். மாற்றிவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

முட்டுக்காட்டுக்காரன்:
மாற்றிவிட்டேன் அக்கா.