புதுப்பிப்பு: வெயில் ஏறினால் மறையும் மீட்டர் திரை

முன்பு கேட்டது: 2001 மாடல் கார். ஸ்பீடோமீட்டர் பக்கத்து எல்சிடி திரையில் செங்குத்துக் கோடுகள் சில காணவில்லை. மதியம் பாதி எழுத்தே மறைகிறது, காலையில் திரும்பிவிடுகிறது. முள்களும் விளக்குகளும் சரியாக வேலை செய்கின்றன.

அதற்குப் பதில் எழுதியவர்கள் முதலில் கரண்ட்டைப் பார்க்கச் சொன்னது நியாயமான யோசனை. இன்ஜின் ஓடும்போது மீட்டர் சாக்கெட்டில் 14.1 வோல்ட் வருகிறது. எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.05 வோல்ட்தான், 0.1-க்கு மேல் போனால் எர்த் வயரைச் சந்தேகிக்கலாம். ஆக, வயரிங்கில் குறையில்லை.

விடை கிடைத்தது அழுத்திப் பார்த்ததில். மீட்டரைத் திறந்து, சாக்கெட்டை மாட்டி, திரையைச் சர்க்யூட் போர்டோடு இணைக்கும் ரிப்பன் (மெல்லிய பட்டை வயர்) போர்டில் ஒட்டும் விளிம்பை அழிரப்பரால் மெல்ல அழுத்தினால் மறைந்த கோடுகள் வருகின்றன, விட்டால் போகின்றன. கண்ணாடி உடைந்திருந்தால் மைக்கறை போலக் கறுப்பு பரவியிருக்கும், அழுத்தினாலும் மாறாது.

இந்த ரிப்பனில் சால்டரிங் வேண்டாம். மின்சாரம் கடத்தும் பசையால் சூட்டில் ஒட்டியது அது. வருடக்கணக்கான வெயிலில் பிடி தளர்கிறது. புது ரிப்பன் வாங்கி, அகல முனை சால்டரிங் அயர்னுக்கு அடியில் சிலிக்கான் ரப்பர் பட்டை வைத்து, ஒரே சீராக அழுத்தி ஒட்ட வேண்டும். சூடு மிஞ்சினால் ரிப்பன் சுருங்கிவிடும்.

பழைய மீட்டர் வாங்கி மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல கார்களில் கிலோமீட்டர் கணக்கும் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) தகவலும் மீட்டருக்குள்ளேயே இருப்பதால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். முள்ளைக் கழற்ற வேண்டி வந்தால், அது நிற்கும் இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் வேகம் தவறாகக் காட்டும்.