சாலையில் சிதறிய தேனீக்களைக் காப்பாற்ற யோசனை தேவை

தேனீ வளர்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். ரப்பர் மரங்கள் துளிர்விடும் பருவத்துக்காக மார்த்தாண்டத்திலிருந்து கேரளத் தோட்டம் ஒன்றுக்கு முந்தாநாள் இரவு 40 பெட்டிகளை ஏற்றிச் சென்றபோது, ஒரு வளைவில் கயிறு தளர்ந்து 9 பெட்டிகள் சாலையோரம் விழுந்துவிட்டன. வாசல்களை வலைத்துணியால் அடைத்த நான் மேல்மூடிகளை இறுக்கிக் கட்டவில்லை, தவறு என்னுடையதுதான்.

அனைத்தும் இந்தியத் தேனீக்கள், மிரண்டால் கூட்டையே கைவிட்டுப் போகும் இனம். எனவே விழுந்த இடத்திலேயே அடைகள் கட்டப்பட்ட மரச்சட்டங்களைப் பெட்டிகளில் அடுக்கி, வாசலைத் திறந்து வைத்து, நேற்று இருட்டும்வரை காத்திருந்தேன். ஆறு பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் வயிற்றைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றை அழைத்ததால், அவற்றில் ராணி இருப்பதாக நம்புகிறேன். மற்ற மூன்றிலும் அந்த அறிகுறியே இல்லை. முட்டை பொரிய மூன்று நாள் ஆகும் என்பதால், இப்போது அடையில் தெரியும் முட்டைகள் பெட்டி விழுவதற்கு முன்பே ராணி இட்டவையாக இருக்கலாம்; அவற்றை நம்பி முடிவெடுக்கவும் முடியவில்லை.

இந்த மூன்றையும் ராணியுள்ள கூட்டங்களுடன் இணைக்க, இடையில் செய்தித்தாள் வைத்து, தேனீக்கள் அதைக் கடித்து மெல்லக் கலக்கவிடும் முறை மிரண்ட தேனீக்களுக்கு ஏற்றதா, அல்லது சர்க்கரைப்பாகு தெளித்து உடனே சேர்க்கலாமா? எத்தனை நாள் கழித்து மீண்டும் வண்டியில் ஏற்றலாம்?

கனடாவின் பர்லிங்டனில் 2023 ஆகஸ்டில் சுமார் 50 லட்சம் தேனீக்கள் சாலையில் சிதறியபோது அக்கம்பக்கத்து வளர்ப்பாளர்கள் ஓடிவந்தார்கள். குமரி மாவட்ட எல்லைக்கு அருகில் இருப்பவர்கள், உபரி ராணி இருந்தால், அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.