ஏஆர்-15 சில நேரம் முழுச் சுற்று ஓடுவதில்லை, உதவி தேவை

ஏஆர்-15 வகைத் துப்பாக்கி, 16 அங்குலக் குழல், கார்பைன் நீள கேஸ் டியூப் (சுடும்போது எழும் வாயுவைப் பின்னால் கொண்டுவரும் குட்டையான குழாய்), எச்2 பஃபர் (போல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கனமான எடை). இடம் டெக்சாஸின் அமரில்லோ. ஏறத்தாழ 1,400 தோட்டா வரை சுத்தமாக ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் ஹேண்ட்கார்ட் (குழலைச் சுற்றிய கைப்பிடி உறை) மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை.

.223, 55 கிரெய்ன் தோட்டாவில் 30-க்கு நான்கைந்து முறை வெற்றுக் கூடு வாயிலில் செங்குத்தாகச் சிக்குகிறது, அல்லது போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) அடுத்த தோட்டாவை எடுக்காமலே மூடிக்கொள்கிறது. அழுத்தம் கூடிய ராணுவ வகையான 5.56 எம்193 போட்டால் 30-க்கு ஒன்று. குளிர்ந்த காலையில் இன்னும் மோசம். வெளியேறும் கூடுகள் பின்பக்கமாக, 5 மணித் திசையில் சோர்ந்து விழுகின்றன. மேகசினில் ஒரே தோட்டா போட்டுச் சுட்டால் பத்தில் நான்கு முறை போல்ட் பின்னால் பூட்டவில்லை. எனக்கு இது கேஸ் (வாயு) போதாத அறிகுறியாகவே படுகிறது.

மேகசின் மூன்று மாற்றியாயிற்று. எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) ஸ்பிரிங் புதிது. கேஸ் கீ (போல்ட்டைத் தாங்கும் கேரியரின் மேல் வாயு நுழையும் பாகம்) திருகுகள் இறுக்கமாக, ஸ்டேக் செய்தபடியே (தளராதபடி உலோகத்தை நசுக்கிப் பூட்டியபடியே) உள்ளன. போல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, அதன் முகத்தின் மேல் கேரியரை நிறுத்தினால் கீழே சரியவில்லை. ஆக கேஸ் ரிங் (போல்ட்டில் வாயு கசியாமல் தடுக்கும் வளையம்) நல்ல நிலை. எண்ணெயும் தாராளமாக விட்டாயிற்று.

கேஸ் பிளாக் (குழலின் கேஸ் துளை மேல் அமர்ந்து வாயுவை டியூபுக்கு அனுப்பும் பாகம்) இரண்டு செட் ஸ்க்ரூவில்தான் (அழுத்திப் பிடிக்கும் சிறு திருகுகளில்தான்) நிற்கிறது. குழல் தோளுக்கும் பிளாக்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிகிறது. ஆனால் ஹேண்ட்கார்ட்டின் முன்முனையைப் பிடிக்கும் மூடித் தகடு (கேப்) பொருந்துவதற்காகத் தொழிற்சாலையிலேயே அப்படி விடுவதும் உண்டு.

எச்2-வைக் கழற்றி எடை குறைந்த 3 அவுன்ஸ் கார்பைன் பஃபர் போட்டால் குறை மறைந்துவிடலாம், காரணம் அப்படியே இருக்கும். பிளாக்கைக் கழற்றாமல், அது குழலின் கேஸ் துளையோடு நேராக இருக்கிறதா என்று உறுதிசெய்ய நம்பகமான வழி எது?